உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: இலையுதிர் காலத்துக்கான பழைய கம்பளி கவுன்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். இலையுதிர் காலத்தில் உடுத்த 1940, 50களின் கவுன்களைச் சேர்க்க ஆசை. எதில் தொடங்கலாம்? நிஜமாகவே அந்தக் காலத்ததுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பளியில் தொடங்குங்கள். பூப்போட்ட பருத்திக் கவுன்களைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். அவை கோடைக்கானவை, விலையும் ஏறிக் கிடக்கிறது. நான் இருக்கும் மாசசூசெட்ஸில் அக்டோபர் காலையில் கை விறைக்கும், மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கும். அப்படிப்பட்ட நாளுக்கு மெல்லிய கம்பளி கிரேப் (முறுக்கேற்றிய நூலில் நெய்த, லேசாகச் சுருக்கம் விழுந்த துணி), கம்பளி ஜெர்சி (பின்னல் துணி) கவுன்களைப் போல ஒத்துப்போகிற உடுப்பு வேறு இல்லை. என் அலமாரியில் இருக்கும் இருபத்தி மூன்றில் பதினாறு கம்பளிதான்.

முதல் கவுனை பிரிம்ஃபீல்டில் வாங்கினேன். அந்தச் சிற்றூரில் மே, ஜூலை, செப்டம்பர் என்று வருஷத்துக்கு மூன்று முறை பழம்பொருள் சந்தை கூடும். சாலையின் இரண்டு பக்கமும் திறந்த வெளிகளில் கூடாரம் கூடாரமாகக் கடை விரித்திருப்பார்கள். செப்டம்பர் சந்தைதான் நமக்கு. செங்கல் பொடி நிறத்தில் ஒரு கவுனைக் கையில் எடுத்து, கழுத்துப் பட்டையையும் பட்டனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா அதை வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மேஜைமேல் போட்டார். “முதல்ல இதைப் பாரும்மா” என்கிற மாதிரி விரலால் தட்டிக் காட்டினார். இன்றுவரை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அந்தக் கவுனின் உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன். இடது அக்குளுக்குக் கீழே, பக்கத் தையலில் உலோக ஜிப். தையல் ஓரங்கள் ஓவர்லாக் போடாமல், பிரியாதிருக்கப் பல் பல்லாக வெட்டப்பட்டிருந்தன. கீழ் ஓரத்தில் மூன்று விரல் அகல மடிப்பு, கையால் ஹெம்மிங் செய்தது. அந்த மடிப்புக்குச் சற்று மேலே, துணியைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியது. பழைய மடிப்பு அங்கேதான் இருந்திருக்கிறது. யாரோ அதைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை இறக்கி, கவுனை நீளமாக்கியிருக்கிறார்கள். மதுரையில் அம்மா டெய்லரிடம் “உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க” என்று சொல்வாரே, அதே கணக்கு.

துணியை அப்படி விட்டுத் தைக்க முடியாத காலமும் அங்கே இருந்தது. போர்க்காலத்தில், 1942இல், அமெரிக்க அரசு எல்-85 என்ற உத்தரவைப் போட்டு, பாவாடையின் சுற்றளவு முதல் மடிப்பின் அகலம் வரை கட்டுப்படுத்தியது. போர் முடிந்து, 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார்: இறுகிய இடுப்பு, கெண்டைக்கால் வரை இறங்கிய அகலப் பாவாடை. ஐந்து வருஷம் துணிக்கு ஏங்கிய கண்களுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்! அதனால்தான் ஒட்டினாற்போல் குட்டையாக இருக்கும் கவுனையும், தாராளமாகச் சுழலும் கவுனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பெரும்பாலும் காலம் புரிந்துவிடும்.

லேபிள்தான் இன்னும் உறுதியான சாட்சி. ஐ.எல்.ஜி.டபிள்யூ.யூ. என்ற பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சின்ன லேபிளை உள்தையலில் தேடுங்கள். அந்தச் சங்கம் சேர்ந்திருந்த ஏ.எஃப்.எல். என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு, சி.ஐ.ஓ. என்ற இன்னொரு கூட்டமைப்புடன் 1955 டிசம்பரில் இணைந்தது. லேபிளில் இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால் கவுன் அதற்குப் பிந்தியது, ஏ.எஃப்.எல். மட்டும் என்றால் அநேகமாக முந்தியது. நூல் என்ன என்று சதவீதத்தோடு அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1960க்குப் பிறகு, ஏனென்றால் எல்லா இழைகளுக்கும் அதைக் கட்டாயமாக்கிய சட்டம் அந்த வருஷம் மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. கம்பளிக்கு மட்டும் அதற்கு முன்பே விதி இருந்தது, அதை மறந்துவிடாதீர்கள். துவைக்கும் முறை தைத்த லேபிளில் இருந்தால் பெரும்பாலும் 1972க்குப் பிந்தியதாக இருக்கும். லேபிளே இல்லாமல், தையல் மட்டும் அழகாக இருந்தால் வீட்டில் தைத்ததாக இருக்கலாம். அப்படிப்பட்டவற்றை நான் விடுவதே இல்லை.

நிறத்தை நம்பி ஏமாறக்கூடாது. எனக்குப் பிடித்த கருநீல அசிட்டேட் (ஒரு செயற்கை இழை) டாஃபெட்டா (மொடமொடப்பான பளபளப்புத் துணி) கவுன் ஒன்றில், தோள்பட்டை மட்டும் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. கறை என்று நினைத்தேன். இல்லை, எரிவாயு அடுப்பு, ஹீட்டர் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் அந்தக் காலத்து அசிட்டேட் சாயத்தை இப்படி மாற்றிவிடும். துவைத்தாலும் போகாது. வாங்கும்முன் வெளிச்சத்தில் தோளையும் கை மடிப்பையும் உள்ளே மறைந்திருக்கும் துணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரேயான் கிரேப்பைத் தண்ணீரில் போடவே போடாதீர்கள். தேன் நிறத்தில், கழுத்தில் மணி கோத்த ஒன்றை வாங்கிய வாரமே குளிர்ந்த நீரில் மெதுவாக அலசினேன். வெளியே எடுக்கும்போது ஒரு சாண் குட்டையாகியிருந்தது. முறுக்கேற்றிய நூல் தண்ணீரைக் குடித்து உப்பும்போது நீளத்தில் சுருங்கிவிடுகிறது. எழுபது வருஷம் தாங்கிய துணி பத்து நிமிஷத்தில் என் கையில் போனது. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

கம்பளிக்கு எதிரி பூச்சி. புதிதாக வருவதை பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்த பிறகே அலமாரிக்குள் விடுகிறேன். ஜெர்சியை ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுபட்டு நீண்டுவிடும். மடித்துத்தான் வைக்க வேண்டும். மடித்த இடத்தில் துணி விட்டுப்போகாமல் இருக்க, பாட்டி பட்டுச்சேலையை மாற்றி மடிப்பது போல, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுகிறேன். உலோக ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியை அதன் பற்களில் தேயுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

அளவு எண்ணைப் பார்க்காதீர்கள். அன்றைய 14 இன்றைய 14 இல்லை, மிகச் சின்னது. அன்று இடுப்பை இறுக்கும் உள்ளாடைக்கு மேல்தான் இவற்றைப் போட்டார்கள். உங்களுக்குப் பொருந்தும் கவுன் ஒன்றைத் தரையில் விரித்து மார்பு, இடுப்பு, தோள் அளந்து, அந்தத் தாளையும் டேப்பையும் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள். இடுப்பில் ஒரு அங்குலம் கூடுதல் இருக்கிற மாதிரி வாங்குங்கள், உட்காரும்போது பழைய தையல் இழுபடாது. ஒரு சின்ன டார்ச்சும் வேண்டும். துணிக்கு அடியில் பிடித்தால் பூச்சி கடித்த ஓட்டைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

செங்கல் நிறக் கவுனை இந்த வாரம் வெளியே எடுத்து வராந்தாவில், வெயில் படாத பக்கமாகக் காற்றாட விரித்திருக்கிறேன். மடிப்பில் இன்னும் ஒன்றரை அங்குலம் துணி மிச்சம் இருக்கிறது. என் மகள் இப்போதே என்னைவிட உயரம். அவளுக்காக அதை இறக்குவதற்குச் சரியான நிறத்தில் நூல் தேடிக்கொண்டிருக்கிறேன்.