‘4 மணித்தியாலம் வரை’: அந்த ‘வரை’யைப் பிடியுங்கள்

புதுக்குடியிருப்பில் கச்சான் செய்கிற ஒரு அக்கா எழுதியிருக்கிறார். ஏழு கிழமைக்கு முன் ஒலிபெருக்கி கட்டின ஓட்டோ ஒன்று தெருவழியே கொடுத்துக்கொண்டு போன நோட்டீஸைப் பார்த்துத் தண்ணிப் பம்ப் வாங்கினாராம். ‘வன்னி விவசாயியின் உற்ற தோழன்’, ‘ஒரு லீற்றர் பெற்றோலில் 4 மணித்தியாலம் வரை’, ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்றெல்லாம் அதில் இருக்கிறது. பம்போ ஒரு மணித்தியாலம்கூட ஓடவில்லை. கடைக்காரர், “அது விளம்பரத்துக்குச் சொல்லுறது அக்கா” என்று அனுப்பிவிட்டாராம்.

அக்கா, அவர் சொன்னதில் பாதி சரி. ‘உற்ற தோழன்’ வெறும் புகழ்ச்சி, அதைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக முடியாது. ஆனால் லீற்றரும் மணித்தியாலமும் அளக்கிற சாமான். 1891இல் லண்டனில் ஒரு கம்பனி, மூக்கில் வைத்து இழுக்கிற எங்கள் ‘புகைப்பந்து’ மருந்தைப் பாவித்தும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண் தருவோம், நம்பிக்கைக்கு 1000 பவுண் வங்கியில் போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்துவிட்டு, காய்ச்சல் வந்த பெண் கேட்டபோது ‘சும்மா விளம்பரம்’ என்றுதான் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை, காசு கட்டவேண்டி வந்தது.

‘வரை’ என்பதுதான் கள்ளச் சொல். காதில் நாலு விழும், ‘வரை’யை ஒலிபெருக்கி விழுங்கிவிடும். ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்பதும் அப்படித்தான், செயப்பாட்டு வினையில் எழுதினால் பரிந்துரைத்த ஆளே காணாமல் போய்விடுவார். யார் என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலைப் பார்க்க எனக்கும் ஆசை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு ஏமாற்றுகிற நடத்தையை மட்டுமல்ல, ஏமாற்றக்கூடிய நடத்தையையும் தடுக்கிறது. ஆகவே ‘வரை என்று போட்டிருக்கிறோமே’ என்பது அவர்களைக் காப்பாற்றப் போதாது என்பது என் கருத்து. வழக்குக்கு முதல் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், விசாரித்துவிட்டு நட்டஈடோ, மாற்றுப் பொருளோ, காசைத் திருப்பியோ கொடுக்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வாங்கின நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், உங்களுக்கு ஆறு கிழமை மட்டில் இருக்கிறது. பில் இல்லையென்றால் இப்போதே கேளுங்கள், கேட்டால் கொடுப்பது அவர்கள் கடமை.

அப்புறம், வெறும் தாங்கியில் ஒரு லீற்றர் போத்தலை ஊற்றி, பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இயக்குவதிலிருந்து நிற்கும்வரை போனில் வீடியோ எடுங்கள். அசல் நோட்டீஸை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், கடைக்காரர் கேட்டால் போட்டோக் கொப்பி.