மஞ்சள் சீட்டும் லிடியா வால்ஸ்ட்ரோமும்

கேள்வி: பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களில் அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

லிடியா வால்ஸ்ட்ரோம். சுவீடன்காரர், வரலாற்றில் முனைவர், பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. எனக்கு அவர் அறிமுகமானது ஒரு ஓட்டுச்சாவடி வழியாக, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் சுவீடனின் உப்சாலா நகரில் வசிக்கிறேன். 2022 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, இங்கே தேர்தல். ஒரே நாளில் மூன்று தேர்தல் நடக்கும்: நாடாளுமன்றத்துக்கு மஞ்சள் சீட்டு, வட்டார மன்றத்துக்கு நீலம், நகராட்சிக்கு வெள்ளை. குடியுரிமை இல்லாவிட்டாலும் மூன்று வருடம் தொடர்ந்து பதிவு செய்து வசித்திருந்தால் நீலமும் வெள்ளையும் போடலாம். மஞ்சள் கிடையாது. எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்கு மூன்று உறை கொடுத்தார்கள். என் அட்டையைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். கூட வேலை பார்க்கும் பெண் சிரித்துவிட்டு, "எங்க கொள்ளுப்பாட்டிகளும் இப்படித்தான் இருந்தாங்க, அறுபது வருஷம்" என்றார். தேடிப் பார்த்தால் உண்மைதான். 1862-லேயே சுவீடனில் வரி கட்டும் பெண்கள் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் திருமணம் ஆகாதவர்களும் கைம்பெண்களும் மட்டும். கல்யாணம் செய்துகொண்டால் கணவர்தான் சட்டப்படி காப்பாளர், ஓட்டு போச்சு. வருமானம் கூடக் கூட ஓட்டும் கூடும் என்ற கூத்து வேறு. 1871-இல் 54 கிராமப்புற ஊராட்சிகளில் ஒரே ஒரு ஆள் கையில் பாதிக்கு மேல் ஓட்டு இருந்ததாம்! நாடாளுமன்றம் மட்டும் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

இந்தக் காலத்தில் வளர்ந்தவர்தான் லிடியா. 1869-இல் வெஸ்ட்மான்லாந்து பகுதியில் லுண்ட்பி என்ற ஊரில் பாதிரியார் வீட்டில் பிறந்தார். உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு அப்போதே ஏறக்குறைய நானூறு வயது. ஆனால் முதல் மாணவி அங்கே காலடி வைத்தது 1872-இல்தான். லிடியா வந்தபோதும் மாணவிகள் கொஞ்சம் பேரே. 1892-இல் அவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1898-இல் முனைவர் பட்டம். 1788-89 காலத்தில் சுவீடனுக்கும் டென்மார்க்குக்கும் இருந்த உறவுதான் ஆய்வுப் பொருள்.

பட்டம் கொடுத்தார்கள் சரி, பதவி? உயர் அரசுப் பதவிகளுக்கு "சுவீடனில் பிறந்த ஆண்கள்" என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதே உப்சாலாவில் 1897-இல் சட்டத்தில் முனைவரான எல்சா எஷெல்சன் பாடம் நடத்தலாம், பேராசிரியர் நாற்காலியில் உட்கார முடியாது. 1911-இல் சாகும்வரை முடியவில்லை. லிடியா அந்தக் கதவை முட்டிக்கொண்டிருக்கவில்லை. ஸ்டாக்ஹோமில் ஓலின்ஸ்கா பெண்கள் பள்ளியின் பொறுப்பை 1900-இல் ஏற்று 34 வருடம் நடத்தினார்.

1902-இல் கார்ல் லிண்ட்ஹாகன் என்ற உறுப்பினர் பெண்களுக்கு ஓட்டுரிமை தருவதை ஆராய வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். அப்போது யல்மர் ஹம்மர்ஷோல்ட் ஒரு யோசனை வைத்தார்: திருமணமான ஆண்களுக்கு ஆளுக்கு இரண்டு ஓட்டு கொடுத்துவிடலாம், மனைவிக்கும் சேர்த்து அவரே போட்டுவிடுவார். (ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த டாக் ஹம்மர்ஷோல்டின் அப்பாதான் இவர்.) படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைய பெண்களுக்கு வரவில்லை. அந்த ஆண்டே ஸ்டாக்ஹோமில் வாக்குரிமைச் சங்கம் உருவானது. ஊர் ஊராகக் கிளைகள் வந்தன, பிறகு நாடு தழுவிய அமைப்பு. 1907-இல் 1,42,128 கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்துக்கு மனு போனது. நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல்.

இந்த எண்ணில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். கல்லூரியில் படிக்கும்போது எங்கள் தெருவுக்கு விளக்குப் போடச் சொல்லி நானும் தோழியும் மனு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். "அவர் வந்ததும் கேட்டுட்டுப் போடறேன்மா" என்று சொல்லாத அக்கா இல்லை. ஒரு தாள் நிரம்ப இரண்டு சாயங்காலம் ஆனது. சும்மா ஒரு தெருவிளக்கு! குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும் நாட்டில் இவர்கள் ஒன்றரை லட்சம் கையெழுத்தை நெருங்கியிருக்கிறார்கள்.

அதே 1907-இல் லிடியா தேசிய அமைப்பின் தலைவரானார். இனிமேல்தான் நான் இவரைத் தேர்ந்தெடுத்த காரணம் வருகிறது. அவர் பழமைவாதி. வலதுசாரிக் கட்சிக்காரர். அமைப்பில் தாராளவாதிகளும் சோஷலிஸ்டுகளும் நிறைய. எந்தக் கட்சிக்கும் சார்பில்லை என்று சொல்லித்தான் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். 1909-இல் ஆண்களுக்கு மட்டும் வாக்குரிமையை விரித்தார்கள். பெண்களின் பொறுமை போய்விட்டது. 1911-இல் அமைப்பு முடிவெடுத்தது: பெண்களின் ஓட்டை எதிர்க்கும் கட்சிக்கு இனி எதிராக வேலை செய்வோம். அப்படி எதிர்த்தது ஒரே கட்சி. தலைவரின் கட்சி.

லிடியா பதவி விலகினார். அவருக்கு முன்பு தலைவராக இருந்த அன்னா விட்லாக் மறுபடி தலைமைக்கு வந்தார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெண்ணுக்கு ஓட்டே வேண்டாம் என்கிற கட்சிக்காக நாற்காலியை விடுவதா? அமைப்பின் முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அடுத்த வருடமே அது நிரூபணமானது. 1912-இல் மசோதா கீழவையில் தேறியது, பழமைவாதிகள் நிறைந்த மேலவை தூக்கி எறிந்தது. ஆனால் கட்சிக்கு எதிராகப் பிரசாரம் செய்யவும் மனமில்லை, அமைப்பை உடைக்கவும் மனமில்லை என்றால் மனுஷி வேறென்ன செய்வார்? வாக்குரிமையை மறுத்துப் பேசவில்லை. வயதான காலத்தில், 1949-இல், எழுதிய தன்வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பு ஏறக்குறைய "முரண்டு பிடித்தவள், கூச்சப்பட்டவள்" என்று வரும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது 1911-ஐப் பார்த்தால் புரிகிறது.

1919 மே 24-இல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் இன்னொரு முறை நிறைவேற்ற வேண்டியிருந்தது, அது 1921-இல். அந்த செப்டம்பரில் பெண்கள் முதல்முறையாக நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தார்கள், ஐந்து பெண்கள் உள்ளே போனார்கள். லிடியாவுக்கு அப்போது வயது 52. மேலும் 33 வருடம் வாழ்ந்தார்.

எனக்கும் மஞ்சள் சீட்டு கிடைக்க வழி இருக்கிறது, குடியுரிமை வாங்க வேண்டும். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, நம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "அப்ப இங்க ஓட்டு?" என்று கேட்டார். போய்விடும் என்றேன். "யோசிச்சுப் பண்ணு" என்று வைத்துவிட்டார். படிவம் பாதி நிரப்பியபடி மடிக்கணினியில் கிடக்கிறது.