ஆகஸ்ட்ல ஸ்கோமர் போனா பஃபின் இருக்காதுங்க

கேள்வி: லண்டன்ல இருக்கோம். ஆகஸ்ட் ஸ்கூல் லீவுல ரெண்டு பசங்களையும், ஊர்லருந்து வர்ற மாமியாரையும் கூட்டிட்டு வேல்ஸ்ல இருக்கிற ஸ்கோமர் தீவுக்குப் போய் பஃபின் (கலர் அலகு இருக்கிற சின்னக் கடல் பறவை) பாக்கணும்னு ஆசை. அத்தைக்கு முழங்கால் வலி இருக்கு. போலாமா?

பதில்: போலாம், ஆனா முதல்ல தேதிய மாத்துங்க. பஃபின் ஏப்ரல்ல கரைக்கு வரும், ஜூலை கடைசியில மொத்தமா கடலுக்குக் கிளம்பிடும், ஆகஸ்ட்ல நீங்க போய் இறங்கும்போது அது கூடு வெச்சிருந்த வெறும் வளை (மண்ணுக்குள்ள இருக்கிற பொந்து) மட்டும்தான் பாப்பீங்க. பசங்களுக்கு மே கடைசியில ஒரு வாரம் லீவு வருமே, அது நல்ல டைம். என்னக் கேட்டா ஜூன் கடைசியில ஒரு சனி ஞாயிறு இன்னும் நல்லது, அப்பதான் அலகு நிறைய மீன் தூக்கிட்டு குஞ்சுக்கு ஓடி ஓடி வரும்.

தீவுல ஒரு நாளைக்கு 250 பேரத்தான் இறங்க விடுவாங்க, திங்கக்கிழமை லீவு (பேங்க் ஹாலிடே மட்டும் விதிவிலக்கு), அதனால ஆன்லைன்ல ரொம்ப முன்னாடியே புக் பண்ணிடுங்க. படகு, கரையில இருக்கிற மார்ட்டின்ஸ் ஹேவன்ங்கிற துறையிலருந்து கிளம்பும். லண்டன்லருந்து அங்க கார்ல அஞ்சாறு மணி நேரம் ஆகும், அன்னைக்கே போய்ட்டு அன்னைக்கே திரும்பலாம்னு நெனைக்காதீங்க, பக்கத்துல ரூம் போட்டு ஒரு நாள் கூடுதலாவே வெச்சுக்கோங்க. ஏன்னா வடக்குக் காத்து அடிச்சா படகு கரையில ஒதுங்க முடியாது, காலையில கேன்சல்னு சொல்லிடுவாங்க. தீவுல கடையும் கிடையாது, சாப்பாடு தண்ணி எல்லாம் கையோட எடுத்துட்டுப் போகணும்.

இறங்கினதும் நேரா தீவுல தி விக்ங்கிற இடத்துக்குப் போங்க. அங்க பாதைக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வளை. பஃபின் மீனோட வந்து இறங்கி, பாதையக் குறுக்க தாண்டி வளைக்குள்ள நுழையணும். நம்ம ஆளுங்க ஃபோட்டோ எடுக்குற ஆசையில வரிசையா நின்னு வழிய அடைச்சிட்டா அது தயங்கி நிக்கும், அந்த நேரத்துல கடற்காக்கா பாய்ஞ்சு மீனப் பிடுங்கிட்டுப் போயிடும், உள்ள குஞ்சு பட்டினி. ரெண்டடி பின்னால தள்ளி நில்லுங்க, நடுவுல இடைவெளி விடுங்க, அதுவே உங்க கால்கிட்ட நடந்து போகும்.

பாதைய விட்டு ஒரு அடி கூட வெளிய வைக்கக் கூடாது, இத பசங்களுக்கு படகுலயே சொல்லிடுங்க. புல்லுக்கு அடியில மண்ணு பூரா வளை, கால் வெச்சா இடிஞ்சு உள்ள இருக்கிற குஞ்சு மேல விழும். பஃபின் மட்டும் இல்ல, மேங்க்ஸ் ஷியர்வாட்டர்னு ஒரு பறவை சுமார் 3,50,000 ஜோடி இங்க கூடு வைக்குது, உலகத்துலயே பெரிய கூட்டம். ஆனா பகல்ல ஒன்னையும் உசுரோட பாக்க மாட்டீங்க. அதுக்குக் கால் உடம்புல ரொம்ப பின்னாடி இருக்கு, தரையில சரியா நடக்க வராது, பெரிய கடற்காக்கா கொன்னுடும்னு ராத்திரி இருட்டுலதான் கரைக்கு வரும். வழியில செத்த றெக்கையும் எலும்பும் கிடக்கும், சின்னப் பசங்க பயப்படாம இருக்க முன்னாடியே சொல்லி வைங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி எலி ஏதும் ஒளிஞ்சிருக்கான்னு பை எல்லாத்தையும் கொட்டிப் பாத்து அடுக்குங்க, ஷூவத் தேய்ச்சுக் கழுவுங்க. பெரிய எலி இல்லாத தீவு அது. எலி ஒன்னு ரெண்டு ஏறிப் பெருகிட்டா, வளையில இருக்கிற முட்டையும் குஞ்சும் தப்பாது.

அத்தை விஷயத்துக்கு வரேன். படகுலருந்து இறங்கினதும் செங்குத்தா 87 படி, லிஃப்ட் எதுவும் கிடையாது, மேல ஏறின பிறகும் கரடுமுரடான பாதைதான், அதனால முழங்கால் வலியோட வேண்டவே வேண்டாம். தீவுல இறங்காம சுத்தி மட்டும் வர்ற படகு இருக்கு, தண்ணியில மிதக்கிற பஃபினும் பாறையில படுத்திருக்கிற சீலும் உக்காந்த இடத்துலருந்தே பாக்கலாம். ஆனா அதுக்கும் படகுத்துறை வரைக்கும் சரிவுல இறங்கி ஏறணும். அதுவும் அவங்களால முடியாதுன்னா யார்க்‌ஷயர்ல பெம்ப்டன் க்ளிஃப்ஸ் போங்க. படகே தேவையில்ல, பாறை விளிம்புல வேலி போட்டு நின்னு பாக்க இடம் கட்டியிருக்காங்க. பஃபின் குறைவாத்தான் தெரியும், ஆனா கேனட்னு ஒரு பெரிய வெள்ளைக் கடல் பறவை ஆயிரக்கணக்குல கண்ணு முன்னால பறக்கும். அங்கயும் பஃபினுக்காகப் போறதா இருந்தா ஜூலை நடுவுக்குள்ள போயிடுங்க.