வீட்டுக் கட்டிங் மெஷினில் வெட்டிய பல வண்ண வினைல் ஸ்டிக்கர், அடுக்கு விலகாமல் ஒட்டுவது எப்படி?

நான்கு வண்ண மயிலிறகு ஒன்றை வினைலில் (பசையும் அதன்மேல் பின்தாளும் உள்ள பிளாஸ்டிக் தாள்) கிரிகட் என்ற கட்டிங் மெஷினால் வெட்டி, எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலில் ஒவ்வொரு வண்ணமாக ஒட்டுகிறீர்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காருகிறது என்கிறீர்கள். பாட்டிலின் மேலேயே வைத்து வண்ணங்களைச் சேர்ப்பதுதான் முதல் தவறு. வளைந்த பரப்பில், ஒட்டும் டேப்பைக் கையில் தொங்கவிட்டபடி குறி பார்த்தால் யாருக்குமே நேராக வராது. எல்லா வண்ணங்களையும் மேஜையிலேயே டிரான்ஸ்பர் டேப்பில் (வெட்டிய துண்டுகளை இடம் மாறாமல் தூக்கி ஒட்ட உதவும் டேப்) சேர்த்துவிடுங்கள். பாட்டிலுக்குப் போவது ஒரே முறைதான்.

அதற்கான வேலை கிரிகட்டின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸ் கோப்பிலேயே தொடங்குகிறது. 'மேக் இட்' என்ற வெட்டும் கட்டளையைக் கொடுத்ததும் அந்த மென்பொருள் வண்ணவாரியாகத் துண்டுகளைப் பிரித்து, வினைல் மிச்சமாகும்படி மேட்டின் (வெட்டுவதற்கு வினைலை ஒட்டி வைக்கும் பிசுபிசுப்பான பலகை) ஓரத்துக்கு நகர்த்திவிடும். நீங்கள் திரையில் வைத்த இடம் அத்தோடு போயிற்று. ஆகவே ஒவ்வொரு வண்ணத்துக்கும் குறிச்சதுரங்கள் (அடுக்குகளைப் பொருத்திப் பார்க்க உதவும் அடையாளச் சதுரங்கள்) போட்டு, அந்த வண்ணத்தின் துண்டுகளையும் அதன் சதுரங்களையும் மட்டும் தேர்ந்தெடுத்து 'அட்டாச்' செய்ய வேண்டும், அப்போதுதான் அவை வைத்த இடம் மாறாமல் வெட்டப்படும். நான்கு வண்ணங்களையும் மொத்தமாக அட்டாச் செய்தால் எல்லாம் ஒரே வண்ணமாக மாறி ஒரே மேட்டுக்குப் போய்விடும். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சில்ஹவுட் மெஷினின் மென்பொருளான சில்ஹவுட் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களும் இதேபோல வண்ணத்துக்கு ஒரு தொகுப்பாக குரூப் செய்து வைப்பது நல்லது.

குறிச்சதுரங்களை இப்படிப் போடுங்கள். படத்தின் கீழ் விளிம்புக்கு வெளியே இடமும் வலமும் ஒவ்வொன்று, மேல் விளிம்புக்கு வெளியே நடுவில் ஒன்று. படத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி இருக்கட்டும், பிறகு கத்தரியால் வெட்டி எடுக்க இடம் வேண்டும். கீழே உள்ள இரண்டும்தான் பொருத்துவதற்கு. மேலே உள்ளது சரிபார்ப்பதற்கு: கீழே இரண்டும் சரியாக இருந்து மேலே மட்டும் விலகினால், இடையில் டேப்போ வினைலோ இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

நான்கு தாளிலும் சதுரம் ஒரே அளவில் இருக்க வேண்டாம். மேல் அடுக்குக்கு 5 மி.மீ., அடுத்ததற்கு 6, பிறகு 7, அடி அடுக்குக்கு 8 என்று கொடுத்து, எல்லாவற்றையும் மையம் ஒன்றாக வரும்படி அலைன் செய்யுங்கள். சின்னச் சதுரம் பெரியதன் மேல் உட்காரும்போது சுற்றிலும் அரை மி.மீ. கரை தெரியும். கரை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் கண் உடனே பிடித்துவிடும். ஒரே அளவுச் சதுரங்களில் விளிம்பு மறைந்துவிடுவதால் இந்த வசதி கிடைக்காது.

இனி படத்தையே கொஞ்சம் திருத்த வேண்டும். மயிலிறகில் அடியில் பச்சை, அதன்மேல் செம்பு நிற முட்டை வடிவம், அதன்மேல் நீலப்பச்சை, உச்சியில் கருநீலக் கண். ஒவ்வொரு வண்ணத்துக்கும் இடம் விட்டுக் கீழே உள்ளதைத் துளைத்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தும்படி வெட்டினால் சின்ன விலகலும் வெள்ளைக் கோடாகப் பல்லைக் காட்டும். துளைக்காமல் முழுதாக அடுக்குங்கள். ஓராகல் 651 போன்ற வினைல் 0.06 மி.மீ. தடிமன்தான், நான்கு அடுக்கும் சேர்ந்து கால் மில்லிமீட்டர். அதுவும் தடிமன் என்று தோன்றினால் அடியில் இருப்பதைத் துளைக்கலாம், ஆனால் மேலே வருவதன் அடியில் எல்லாப் பக்கமும் 1 மி.மீ. உள்ளே போகும்படி விட்டுத்தான் துளைக்க வேண்டும். மென்பொருளில் வடிவத்தின் விளிம்பைச் சுற்றிலும் ஒரே அளவில் தள்ளும் ஆஃப்செட் கருவியில் மைனஸ் அளவு கொடுத்து அந்தத் துளையின் வடிவத்தை எடுக்கலாம்.

இன்னொன்று: சுற்றிலும் ஒரே அகலத்தில் 1 மி.மீ. கரை வரும் டிசைன்தான் பொருத்துவதற்கு மிகக் கடினம். 0.3 மி.மீ. தள்ளினாலே ஒரு பக்கம் தடிப்பாகத் தெரியும். கரையை 2 மி.மீ. ஆக்குங்கள், அல்லது ஒரு பக்கம் வேண்டுமென்றே அகலமாக வரையுங்கள். உண்மையான மயிலிறகிலும் கருநீலம் நட்டநடுவில் இருப்பதில்லை. அதை அப்படியே வரைந்தால் படமும் அழகு, தவறும் மறையும்.

வெட்டும்போது நான்கு வினைல் துண்டுகளையும் ரோல் ஓடும் திசை ஒன்றாகவே இருக்கும்படி மேட்டில் ஒட்டுங்கள். இந்த வகை வினைலை உருளைகளுக்கு இடையே இழுத்துத்தான் தயாரிக்கிறார்கள். அந்த இழுவை உள்ளே தங்கியிருப்பதால் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும். ஒன்று நெடுக்காகவும் மற்றது குறுக்காகவும் வெட்டப்பட்டால் நாளடைவில் ஓரங்கள் ஒன்றையொன்று இழுக்கும்.

வெட்டி முடித்ததும், உரிப்பதற்கு முன் ஸ்கேல் எடுங்கள். ஒவ்வொரு தாளிலும் இடது சதுரத்தின் இடது ஓரத்திலிருந்து வலது சதுரத்தின் இடது ஓரம் வரை அளந்து பாருங்கள். நான்கிலும் ஒரே அளவு வந்தால் மெஷின் குற்றமற்றது. இனி விலகினால் கைவேலைதான். ஒரு தாளில் மட்டும் வேறுபட்டால், அந்த வண்ணத்தைத் திரையில் தனியாகப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ இருக்கிறீர்கள், அல்லது வெட்டும்போது மேட் நழுவியிருக்கிறது. நழுவிய தாளில் வெட்டுக்கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியாது. சதுரத்தின் மூலையை உற்றுப் பார்த்தால் தெரியும். மேட்டின் ஒட்டும் தன்மை போயிருந்தால் கழுவிக் காயவையுங்கள்.

வேண்டாத வினைலை உரித்தெடுக்கும்போது சதுரங்களைக் காப்பாற்றுங்கள். பிறகு அடுக்கும் முறை, மேலிருந்து கீழாக. கருநீலத்தின் மேல் நிறமற்ற டிரான்ஸ்பர் டேப்பை ஒட்டித் தேய்த்து, மொத்தத்தையும் கவிழ்த்து வைத்து, பின்தாளை மடக்கி மேஜையோடு ஒட்டினாற்போல் உரியுங்கள். வினைலைத் தூக்கி இழுக்காமல் தாளை இழுத்தால் வினைல் நீளாது. அடுத்து நீலப்பச்சைத் தாளின் நான்கு மூலைகளையும் மாஸ்கிங் டேப்பால் மேஜையில் பதியுங்கள். அதன் படத்தின் மேல் பட்டர் பேப்பர் வையுங்கள். கீழ் விளிம்புச் சதுரங்கள் இரண்டு மட்டும் வெளியே தெரியட்டும். பட்டர் பேப்பர் இல்லாவிட்டால் வினைலின் பின்தாள் துண்டு போதும், வழவழப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும்.

இப்போது டேப்பைப் பட்டர் பேப்பரின் மேல் வைத்து நகர்த்தலாம், எங்கும் பிடிக்காது. இரண்டு சதுரங்களிலும் கரை சமமாகத் தெரியும் வரை நகர்த்தி, சதுரங்களை மட்டும் விரலால் அழுத்துங்கள். பட்டர் பேப்பரை மேல்பக்கமாக மெதுவாக உருவிக்கொண்டே, பின்னாலேயே ஸ்கிராப்பரால் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். பழைய ஏடிஎம் கார்டும் போதும். மேல் சதுரத்தையும் பார்த்துவிட்டு, கவிழ்த்துப் பின்தாளை உரித்தால் இரண்டு வண்ணமும் டேப்பில் வந்துவிடும். செம்பு, பச்சை இரண்டுக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசிப் பச்சையின் பின்தாளை உரிக்காமல், சதுரங்களைக் கத்தரியால் வெட்டி எறியுங்கள்.

சதுரங்களை அழுத்தும் வரைதான் திருத்த முடியும். வினைலின் மேல் வினைல் ஒட்டிய பிறகு பிரித்தால் மேல் அடுக்கு நீண்டுவிடும். அந்த வண்ணத்தை மறுபடி வெட்டுவதே மேல்.

பாட்டிலை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்டிக்கரை இடம் பார்த்து வைத்து, நடுவில் நெடுக்காக மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்துங்கள். ஒரு பாதியைத் தூக்கி, பின்தாளை உரித்து வெட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். பிறகு மாஸ்கிங் டேப்பை எடுத்துவிட்டு மறுபாதி. நேரான உருளைக்கு இது சரி. அடி குறுகிய டம்ளருக்கு, படம் பெரியதாக இருந்தால் ஓரத்தில் சுருக்கம் விழும். அங்கே படத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோப்புத் தண்ணீர் தெளித்து நகர்த்தும் முறை பெரிய கண்ணாடிக் கதவுக்கு ஏற்றது. அரை லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். கூடினால் பசை பிடிக்காது. மேஜையில் அடுக்கும்போது வேண்டாம், பின்தாள் ஊறிவிடும்.

கிளிட்டர் வினைல் சேர்ப்பதானால் அது உச்சி அடுக்கில் மட்டும்தான். சொரசொரப்பின் மேல் எதுவும் முழுதாக ஒட்டாது. டி-ஷர்ட்டுக்கான ஹீட் டிரான்ஸ்பர் வினைலுக்கு இந்த முறை பொருந்தாது. அதில் கீழிருந்து மேலாக, கீழ் அடுக்குக்கு இரண்டு மூன்று நொடி மட்டும் சூடு கொடுக்க வேண்டும், கூடினால் அது சுருங்கி மேலே வருவதோடு பொருந்தாமல் போகும்.

ஒட்டிய பாட்டிலை ஒரு நாளாவது தண்ணீர் படாமல் வையுங்கள், மூன்று நாள் விட்டால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகும் கையால்தான் கழுவ வேண்டும். கம்பி நார் படக்கூடாது, நான்கு அடுக்கின் ஓரத்தில் அது எளிதில் மாட்டும்.