அந்தக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள் தம்பி

பிளஸ் ஒன் இயற்பியலில் ஒரே ஒரு 'ஏன்' மாலை முழுவதையும் தின்றுவிடுகிறது, மாதத் தேர்வில் மதிப்பெண் குறைகிறது, இந்த ஆர்வத்தை ஓரம் கட்டிவிடவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. அதற்கென்று ஒரு நேரம் மட்டும் ஒதுக்குங்கள்.

சி.வி. ராமன் 1907 முதல் பத்து ஆண்டுகள் நிதித்துறை அதிகாரி. அதில் பெரும்பகுதி கல்கத்தாவில். பகலில் அலுவலகம். காலையும் மாலையும் பௌபஜார் தெரு ஆய்வகம். 1921 கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானம் பிரதிபலிப்பதுதான் காரணம் என்று ஆங்கில இயற்பியலாளர் ரேலே சொல்லியிருந்தார். ராமன் கையிலிருந்த சிறிய நிக்கோல் பட்டகத்தால் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) அந்தப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அடர்ந்தது! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அந்த வழியில் போனவர், 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவில் வந்து நின்றார்: பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் நிறம் சற்று மாறிவிடுகிறது. (நீர் சிவப்பை உறிஞ்சுவதும் அந்த நீலத்துக்குப் பெரிய காரணம் என்று இன்று தெரியும்.)

பாடம் முடிந்ததும் தினம் முக்கால் மணி நேரம், தனி நோட்டு. கேள்வியை எழுதி, முடிந்தால் ஒரு கணக்காகவே போட்டுப் பாருங்கள். விடை வராவிட்டால் மூடிவைத்து மறுநாள் தொடருங்கள்.

ராமனின் பட்டகம் போலவே பிரதிபலிப்பை வெட்டும் போலராய்டு கண்ணாடி கிடைத்தால் குளக்கரையில் நின்று சாய்வாகத் தண்ணீரைப் பாருங்கள். மேலே மினுங்கும் வெளிச்சம் மங்கி, அடியில் கிடக்கும் கல் தெரியும். கண்ணாடியைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் என்ன ஆகிறது? பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.