எதைக் காட்டினாலும் "சிவப்பு" என்கிறான் என் இரண்டரை வயது மகன். விளையாட்டாக நிறங்களைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கவலையே வேண்டாம். இரண்டரை வயதில் பல பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். பிறந்த நாலைந்து மாதத்திலேயே நிறங்கள் பிரிந்து தெரிய ஆரம்பித்துவிடும். பெயர்கள் மனதில் நிற்கத்தான் மூன்று, நான்கு வயது ஆகிறது. "இது பந்து" என்றால் அவன் தொட்டுப் பார்த்துக்கொள்வான். "இது சிவப்பு" என்றால் எதைத் தொடுவான்? பந்தும் சிவப்பு, மிளகாய்ப்பழமும் சிவப்பு, பாட்டி புடவையும் சிவப்பு.

பன்னிரண்டு வருடமாக அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருக்கிறேன். "இது என்ன கலர், அது என்ன கலர்" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். கேட்கக் கேட்கப் பிள்ளை பொருளைப் பார்க்காது, நம் முகத்தைப் பார்த்துப் பதில் தேடும். அதற்குப் பதில் இனம் பிரிக்க விடுங்கள். துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, அப்பாவின் நீலச் சட்டையைக் கீழே விரித்து, "இந்த மாதிரி இருக்கறதெல்லாம் இங்க போடு" என்று சொல்லுங்கள். பெயர் தெரியாத பிள்ளையும் அழகாகப் பிரித்துப் போடும். குவியல் சேர்ந்ததும் "எல்லாம் நீலம்" என்று நீங்கள் சொன்னால் போதும்.

இன்னொன்று, ஒரே பொருளை இரண்டு நிறத்தில் காட்டுங்கள். பிளாஸ்டிக் வளையல் இதற்கு ரொம்ப வசதி. மஞ்சளுக்கு எப்போதும் வாழைப்பழம் என்று படம் காட்டிப் பழக்கினால், பச்சை வாழைப்பழத்தைப் பார்த்தும் "மஞ்சள்" என்பார்கள். எங்கள் மையத்திலேயே நடந்திருக்கிறது.

வீட்டில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லுங்கள். அம்மா நீலம் என்பார், அக்கா ப்ளூ என்பாள், பாட்டி அதையே ஊதா என்பார். பிள்ளை பாவம், மூன்றும் மூன்று நிறம் என்று நினைத்துக்கொள்ளும்.

அப்புறம், எங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது ஆரத்தித் தண்ணீர். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூளை அவனையே கரைக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பை மட்டும் நீங்கள் போடுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து, அதன் பிறகு தண்ணீரிலும் அவன் கை வைக்க வேண்டாம். துளி சுண்ணாம்பு விழுந்ததும் கலங்கிச் சிவப்பாகும். போன மாதம் ஒரு குட்டிப் பெண் கிண்ணத்துக்கு அடியில் குனிந்து பார்த்து, "டீச்சர், மஞ்சள் எங்க போச்சு?" என்றாள். எலுமிச்சம்பழத்தை நன்றாகப் பிழிந்தேன், மஞ்சள் திரும்பி வந்தது. அன்று முழுக்க "மஞ்சள் வந்துடுச்சு, மஞ்சள் வந்துடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிட்டு எலுமிச்சை பிழிந்தால், நீலத் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். இதில் சுண்ணாம்பு இல்லை, எலுமிச்சையை அவனே பிழியலாம்.

இரண்டு நிறம் நன்றாகப் பதிந்த பிறகு மூன்றாவதுக்குப் போங்கள். அவசரம் இல்லை.

நான்கு, ஐந்து வயதிலும் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் போடவே தடுமாறினால் திட்டாதீர்கள். நிறக்குருடு ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். அம்மாவின் அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்தால் பையனுக்கும் வரலாம். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், பள்ளியில் சேர்க்கும்போது டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள்.