மூட்டுக் கிருமிக்கு ஃபேஜ் மருந்து

கேள்வி: அம்மாவின் செயற்கை முழங்கால் மூட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று. ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால் திரும்ப வருகிறது. பாக்டீரியோஃபேஜ் ஊசி போட்டால் போதுமா, அறுவை தவிர்க்கலாமா?

பதில்: பாக்டீரியோஃபேஜ் (சுருக்கமாக ஃபேஜ்) என்பது பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ். அதன் ஊசி மட்டும் பெரும்பாலும் போதாது. உலோகத்தின் மேல் கிருமிகள் பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. உள்ளே உறங்கும் கிருமியை ஆன்டிபயாடிக் எளிதில் கொல்லாது. சில ஃபேஜ்கள் அந்தப் படலத்தைக் கரைக்கும் நொதிகளைச் சுமக்கின்றன. ஆனாலும் அறுவையில் சுரண்டிக் கழுவி, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத் தருவதே வழக்கம்.

முதல் வேலை, கிருமியைப் பிடிப்பது. நோயாளியின் நிலை இடம்கொடுத்தால் 2 வாரம் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, மூட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து 5 திசு மாதிரிகள் எடுப்பார்கள். நிறுத்துவதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும்.

அடுத்தது பொருத்தம். ஃபேஜ் தனக்குரிய கிருமியை மட்டுமே தாக்கும். கிருமி பூசிய அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) ஃபேஜ் சொட்டு வைத்து 37 டிகிரியில் ஓர் இரவு விட்டால், கிருமி வளர்ந்து தட்டு மங்கலாகும்; பொருந்திய இடம் மட்டும் கண்ணாடிபோல் தெளியும். இதை மட்டும் நம்பக்கூடாது: செறிவான சொட்டு, ஃபேஜ் பெருகாமலேயே கிருமியை உடைத்துவிடும். நீர்த்த கரைசலிலும் தனித்தனியாகத் தெளிந்த புள்ளிகள் தெரிந்தால்தான் உண்மைப் பொருத்தம்.

மூட்டுக்குள் செலுத்தும் கரைசலில் மில்லிலிட்டருக்குச் சுமார் 1 கோடி முதல் 100 கோடி ஃபேஜ்கள் இருக்கும். பலர் தவறவிடுவது ஒன்று: போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி கொண்டு கழுவியிருந்தால், சலைனால் நன்றாக அலசிய பிறகே ஃபேஜ் விடவேண்டும், அயோடின் அதையும் அழித்துவிடும். சிகிச்சை நடுவே கிருமி எதிர்ப்புப் பெறலாம். உடலும் ஃபேஜுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கலாம். கிருமியின் எதிர்ப்பைச் சமாளிக்கத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஜ்களைக் கலக்கிறார்கள்.